நௌஷாதுக்கு ஒரு பொன்னாடை

நௌஷாத் எங்களிடம் கேட்டது ஒரே ஒரு கடிதம். அறிவியல் மன்றத்தின் முகவரித்தாளில், செயலாளரின் கையொப்பமும் முத்திரையும் இட்டு, இன்னார் மூன்றாண்டுக் காலம் எங்கள் இணையதளத்தையும் சுவரொட்டிகளையும் வடிவமைத்தார் என்று சொல்லும் ஒற்றைப் பக்கம். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஜூலைத் திங்கள் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், மயிலாடுதுறையில் இருந்த மன்றத்தின் வாடகை அறையில் வைத்து அவன் அதைக் கேட்டான். செயலாளர் தியாகேசனும், துணைத் தலைவனாகிய நானும் அப்போது அங்கிருந்தோம்.

"ஷார்ஜாவுல ஒரு பிரஸ்ஸுங்க சார். டிசைனர் வேலை. முதலாளி கூத்தாநல்லூர்க்காரரு, அப்துல் ரஹ்மான்னு பேரு. நம்ம சைட்டைப் பாத்துட்டு, இதைச் செஞ்ச பையன்தான் வேணும்னு சொல்லிட்டாராம். ஆனா விசாவுக்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கேக்குறாங்க. ஆகஸ்ட் முப்பத்தொண்ணுக்குள்ள திருச்சி ஏஜெண்ட் கையில இருக்கணுமாம்."

"அட, இதுக்கா இப்படி நெளியிற?" என்றார் தியாகேசன். "நாளைக்கே எழுதிடலாம் தம்பி. முதல்ல அந்தக் கண் முகாம் நோட்டீசை முடிச்சிடு. சின்ன வேலைதான்."

நௌஷாத் மகிழ்ச்சியோடு கணினியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவனுக்கு அக்கடிதம் ஏன் அத்துணை இன்றியமையாததாயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, வளைகுடாவின் தம்மாமில் வேலை பார்த்துவந்த அவன் தந்தை அப்துல் ஜலீல் இரண்டு சிறுநீரகங்களும் பழுதுபட்டுத் திரும்பி வந்தார். எட்டு மாதத்தில் இறந்தார். படிப்பு நின்றது. பேருந்து நிலையத்துக்கு அருகில் தாய்மாமன் நடத்திய பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தான். வாடிக்கையாளர் இல்லாத நேரங்களில் போட்டோஷாப்பையும் பேஜ்மேக்கரையும் இணையப் பக்கம் அமைக்கும் முறையையும் தானே கற்றான். அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகையும் கிடையாது; பதிவும் கிடையாது. அங்கே செய்த வேலைக்கு எவரும் சான்று தர இயலாது. பதிவு எண்ணும் முத்திரையும் உடையது எங்கள் அறிவியல் மன்றம் ஒன்றுதான். கற்றதற்குச் சான்று இல்லாதவனுக்குச் செய்ததற்காவது ஒரு சான்று வேண்டியிருந்தது.

செய்ததோ, கொஞ்சநஞ்சமன்று. எங்கள் உறுப்பினர்கள் பூம்புகார் முதல் குத்தாலம் வரை நாற்பத்திரண்டு ஊர்க் கிணறுகளிலிருந்து மாதந்தோறும் புட்டியில் நீர் பிடித்து வந்து உப்பளவு பார்ப்பார்கள். அந்த எண்களை நாங்கள் ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் வைத்துப் பூட்டுவதோடு சரி. நௌஷாத் அவற்றை ஒரு வரைபடமாக்கினான். கடலோரத்துச் சிவப்பு ஆண்டுதோறும் மேற்கே ஏறி வருவதை எவரும் ஒரு பார்வையில் கண்டுகொள்ளலாம். அவன் வருமுன்னர் எங்கள் தளத்தைத் திறந்தால் தமிழெழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டங்களே தெரிகின்றன என்று அயல்நாட்டு அன்பர்கள் எழுதுவார்கள். அதையும் அவனே சரிசெய்தான். வயலில் ஆனைக்கொம்பன் ஈயை இனங்காண அவன் வரைந்த சுவரொட்டியை உழவர்கள் மாட்டுக்கொட்டகையில் ஒட்டி வைத்தார்கள். இவற்றோடு, ஜமாஅத்தின் மருத்துவ முகாம், பிள்ளையார் கோயில் குடமுழுக்கு, இரத்ததானம், கிரகணம் பார்த்தல் என்று எவர் வந்து நின்றாலும், "சின்ன வேலைதான் தம்பி" என்ற ஒரு சொல்லுக்கு அவன் கட்டுப்பட்டான். ஒரு காசும் பெற்றதில்லை. நாங்களும் கொடுக்க நினைத்ததில்லை.

அன்று அவன் போன பிறகு தியாகேசன் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார். கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். மன்றமே அவருக்கு இரண்டாம் வாழ்க்கை.

"இவன் போயிட்டா யாரு சார் பாப்பா?"

"வேறொருத்தரைப் பாக்கணும்."

"காசு குடுத்து ஆள் வெச்சா ஞாயித்துக்கிழமை வருவானா? ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணி, அந்த போட்டோவை மாத்துன்னு சொல்ல முடியுமா? நவம்பர்ல டெல்லியிலேருந்து நிதி குடுக்கற பவுண்டேஷன்காரங்க வர்றாங்க. அந்த மேப்பைப் பாத்துட்டுத்தான் வர்றாங்க. அப்ப சைட்டு செத்துக் கிடந்தா?" சற்று நிறுத்தி, "உங்க பறவைக் கட்டுரையெல்லாம் யாரு ஏத்துவா? நீங்க ஏத்துவீங்களா?" என்றார்.

இக்கேள்வி என்னைத் தைத்தது. நம் வயல்வெளிப் பறவைகளின் பெயர்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரைகளைப் படித்துவிட்டு மெல்பர்னிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் கடிதம் எழுதுவார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றியபோது எனக்கு எவரும் ஒரு கடிதமும் எழுதியதில்லை.

கடிதத்தை ஆங்கிலத்தில் நானே எழுதினேன். நல்ல கடிதம். நௌஷாதே அதை வாங்கித் தட்டச்சுச் செய்தான். தியாகேசன் அதை இருமுறை படித்து, "பிரமாதம்" என்று கூறிக் கோப்பினுள் வைத்தார்.

"கையெழுத்து, சார்?" என்றான் நௌஷாத்.

"போட்டுடலாம் தம்பி. ஆனா நாம பதிவு பெற்ற சங்கம். ஒருத்தருக்கு சர்டிபிகேட் குடுக்கறதுன்னா செயற்குழுவில தீர்மானம் வேணும். நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேட்டா உனக்குத்தானே சங்கடம்?"

அத்தகைய விதி எதுவும் எங்கள் விதிமுறைப் புத்தகத்தில் இல்லை. அதை எழுதியவனே நான். எனினும் வாய் திறக்கவில்லை.

செயற்குழு ஜூலை இருபத்து மூன்றில் கூடுவதாக அறிவிக்கப்பட்டது. பதினொருவரில் எழுவர் வந்தாலன்றிக் கூட்டம் செல்லாது. ஆடி மாதம், இருவர் குலதெய்வக் கோயிலுக்குப் போய்விட்டனர், ஒருவர் மகளின் பேறுகாலத்துக்குச் சிங்கப்பூர் போயிருந்தார், ஒருவருக்குச் சம்பா நாற்றங்கால் வேலை. என்னையும் சேர்த்தால் சரியாக எழுவர். கூட்டத்தன்று பகல் இரண்டு மணிக்குத் தியாகேசன் தொலைபேசியில் அழைத்தார்.

"வாத்தியாரே, வெயில் ரொம்ப இருக்கு. நீங்க மெதுவாவே வாங்க. அவசரமில்ல."

கூட்டம் ஐந்து மணிக்கு. நான் வீட்டில் நாளிதழை விளம்பரங்கள் ஈறாகப் படித்துவிட்டு ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். உறுப்பினர்கள் பலகாரத் தட்டுகளை வைத்துவிட்டுக் கலைந்துகொண்டிருந்தார்கள். வாயிற்படியருகில் நின்ற நௌஷாத் என்னைக் கண்டதும் விரைந்து வந்து என் குடையை வாங்கிக்கொண்டான்.

"ஐயாவுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே? வரலைன்னதும் பயந்துட்டேன்."

"தலைசுத்தல்பா" என்றேன்.

அதற்கடுத்த வாரம் அவன் தாய் சைத்தூன் பீவி என் இல்லத்துக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு, "நான் உக்கார வரலைங்க" என்று நின்றுகொண்டே பேசினாள்.

"எம் மவன் உங்க சங்கத்துக்கு மூணு வருஷம் ஓசியில உழைச்சான். நான் ஒரு நாளாவது வந்து ஏன்னு கேட்டனா?"

"இல்லம்மா."

"இப்ப கேக்குறேன். ஒரு தாளு. எங்க வீட்டுக்கு மீன் மடிச்சு வர்ற தாளு அதைவிடப் பெருசு. அதுல ஒரு கையெழுத்துப் போட மூணு வாரமா?"

"சங்கத்துக்குன்னு ஒரு நடைமுறை இருக்கும்மா."

"அந்த நடைமுறை யாருங்க? வீடு எங்கன்னு சொல்லுங்க, நான் போயிக் கால்ல விழுறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"அவங்க அத்தா போனப்ப, புள்ளைய இனிமே படிக்க வைக்க முடியலையேன்னு அழுதேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'நான் செய்யிற வேலையே எனக்குப் பட்டம்மா'ன்னான். நீங்க படிச்சவங்க. அந்தப் பட்டத்தை மடியில வெச்சுக்கிட்டுத் தரமாட்டேங்குறீங்க. நீங்க சொன்னா அவரு கேப்பாருன்னு எம் மவன் சொல்றான். உங்க பேர்ல அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை."

"நடக்கும்மா. போயிட்டு வாங்க" என்றேன்.

அவள் போன பின், என் மகன் ஹூஸ்டனுக்குப் புறப்பட்ட காலத்தில் அவன் சான்றிதழ்களுக்கு மேலொப்பம் வாங்க ஒரே நாளில் மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்கியது நினைவுக்கு வந்தது. ஓர் அலுவலகத்தில் எழுத்தர் நாளைக்கு வரச் சொன்னபோது அவரோடு சண்டையே போட்டேன். நினைவு வந்தது; அவ்வளவே.

நௌஷாத் இதற்குள் வேறு வழியில் முயன்றான். தான் போய்விட்டால் தளம் நின்றுவிடும் என்பதே தியாகேசனின் தயக்கம் என்று அவனாகவே கண்டுகொண்டான். ஒரு குயர் நோட்டு வாங்கி, கடவுச்சொற்கள், படத்தை ஏற்றும் விதம், வரைபடத்தில் புதிய எண்ணைச் சேர்க்கும் விதம் அனைத்தையும் தமிழில் படிப்படியாக எழுதினான். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் கையால் ஒரு சிறு படம் வரைந்திருந்தான். அதைக் கொண்டுவந்து தியாகேசன் முன்னிலையில் வைத்தான்.

"இது இருந்தா யாரு வேணாலும் செய்யலாங்க சார். முடியலைன்னா ஒரு மெயில் போடுங்க, வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, அங்கேருந்தே செஞ்சு குடுத்துடுறேன். ஷார்ஜாவுல நெட்டு இங்கயவிட வேகமாம்."

அன்று, மகளின் பேறுகாலம் முடிந்து சிங்கப்பூரிலிருந்து திரும்பியிருந்த மன்றத்தின் இணைச் செயலாளர் அகிலாண்டமும் இருந்தார். விலங்கியல் ஆசிரியையாய் இருந்து ஓய்வு பெற்றவர். நாவில் நரம்பில்லாதவர் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க காலேஜ்ல லேப் மேனுவல்கூட இவ்வளவு தெளிவா இருந்ததில்ல" என்றார். "சார், கையெழுத்தைப் போட்டுக் குடுங்க. பிள்ளை போகட்டும்."

"போடாமலா இருக்கப் போறேன்?"

"ஒரு மாசமா அதைத்தான் சொல்றீங்க. பொண்ணு பாத்துட்டுப் போய் லெட்டர் போடறேன்னு சொல்ற மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி."

"அம்மா, உங்க பொண்ணு சிங்கப்பூர்ல இருக்கா. ஊரை விட்டுப் போறது உங்களுக்குச் சாதாரணமாத் தெரியும்."

"உங்க பையன் ராஜராஜன் எங்க இருக்கான்? நியூஜெர்சி என்ன, நீடூருக்குப் பக்கத்துலயா இருக்கு?"

தியாகேசனின் முகம் கறுத்தது. நௌஷாத் இருவருக்கும் நடுவே நின்று, தன்னால் ஒரு சண்டை வந்துவிட்டதே என்ற கூச்சத்தோடு, "பரவாயில்லீங்கம்மா, சார் எனக்கு நல்லதுதான் செய்வாரு" என்றான்.

அன்று மாலை தியாகேசன் என்னோடு காவிரிக்கரை வரை நடந்து வந்தார். "இந்த அம்மா விடமாட்டா. அடுத்த கூட்டத்துல ஏழு பேரைக் கூட்டிட்டு வந்து நிப்பா. நான் முடியாதுன்னு சொல்லவும் முடியாது. என்ன செய்யலாம்?"

பின்வரும் யோசனை என்னுடையது. இதை வேறெவர் மேலும் ஏற்றிவிட விரும்பவில்லை.

"மன்ற ஆண்டு விழா இருபதாம் தேதி வருது. அவனுக்கு ஒரு பாராட்டு வெச்சிடலாம். ஜமாஅத் தலைவரைக் கூப்பிடலாம். மேடையில, எல்லார் முன்னாலயும், இவன் ஊருக்காக இங்கேயே இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அதுக்கப்புறம் அவன் எப்படிப் போவான்?"

தியாகேசன் நின்று என்னைப் பார்த்தார். "வாத்தியாரே" என்றார், என் தோளைத் தட்டினார்.

நம் ஊர்ப்பக்கத்தில் பெரியவர்களை எதிர்த்து ஒருவன் வீட்டில் பேசலாம், தெருவில் பேசலாம். பொன்னாடை போர்த்திய மேடையில் நின்று பேச இயலாது. போர்த்தியவரைப் பொய்யர் என்று சொல்ல, அதிலும் நௌஷாதைப் போன்ற ஒருவனுக்கு, நாவெழாது. இதை நான் நன்கறிவேன். மேடைகளில் எனக்கும் பொன்னாடைகள் போர்த்தியிருக்கிறார்கள்.

விழா அழைப்பிதழையும் நௌஷாதே வடிவமைத்தான். தலைமை, முன்னிலை, வரவேற்புரை என்று வரிசை போட்டு, எவர் பெயர் எவர் பெயருக்கு மேல் வர வேண்டும் என்பதில் தியாகேசன் நான்கு முறை மாற்றம் சொல்ல, நான்கு முறையும் மாற்றினான். 'பாராட்டுப் பெறுபவர்' என்ற இடத்தில் தன் பெயரை எல்லாவற்றிலும் சிறிய எழுத்தில் இட்டிருந்தான்.

"பெருசாப் போடு தம்பி, உனக்கான விழா" என்றார் தியாகேசன்.

"சார், அந்த லெட்டரு..."

நான் இடைமறித்தேன். "எல்லாம் மேடையில வெச்சுக் கிடைக்கும்பா."

அவன் அதைக் கடிதம் என்று பொருள் கொண்டான். அவ்வாறு கொள்ளட்டும் என்றே நான் சொன்னேன். அவ்விடத்திலேயே திருச்சி முகவரைக் கைப்பேசியில் அழைத்து, "இருபதாந்தேதி கைக்கு வந்துடும் பாய், இருபத்தொண்ணு நேர்ல கொண்டாந்துடுறேன்" என்றான்.

ஆகஸ்டு இருபதாம் நாள், ஞாயிறு மாலை, கடைத்தெருவை அடுத்த ஒரு சிறு திருமண மண்டபத்தில் விழா நடந்தது. நாற்காலிகள் போதாமல் பின்னால் நின்றார்கள். வரவேற்புரையும் ஆண்டறிக்கையும் முடிந்தன. நௌஷாத் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மேடையின் ஓரத்தில் அமர்ந்திருந்தான். தாம்பாளத்தில் ஒரு கேடயமும் அதன்மேல் நீண்ட உறை ஒன்றும் இருந்தன. அவன் கண் அந்த உறையிலேயே இருந்தது. பெண்கள் பகுதியில் இரண்டாம் வரிசையில் சைத்தூன் பீவி உட்கார்ந்திருந்தாள்.

தியாகேசன் ஒலிபெருக்கியின் முன் வந்தார்.

"நம்ம நௌஷாத் தம்பிக்கு ஷார்ஜாவிலே ஒரு பெரிய அச்சகத்துல வேலை கிடைச்சது. இந்த வயசுல யாருக்கு ஆசை இருக்காது? பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட மாட்டானா? ஆனா தம்பி என்ன செஞ்சார் தெரியுமா? 'சார், இந்த மண்ணு உப்பாயிட்டு இருக்கு, நான் இதை விட்டுட்டுப் போகமாட்டேன்'னு சொல்லிட்டார். வேலையை வேணாம்னு சொல்லிட்டார்!"

கைதட்டல் எழுந்தது. நௌஷாத் தலையை உயர்த்தினான். தான் வேறெவரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதைப்போல முதலில் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

ஜமாஅத் தலைவர் அப்துல் வஹாப் ஹாஜியார் கண் கலங்கி எழுந்து வந்து அவனை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஊரை விட்டுப் போகாம நிக்கிற ஒரு புள்ளையாவது நம்ம மஹல்லாவுல இருக்கே! இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுல சொல்றேன், எல்லாப் பயலுவளும் கேக்கட்டும்!" என்றார். அவருடைய மூன்று ஆண்மக்களும் துபாயில் இருந்தார்கள்.

சரிகைக்கரை வைத்த மஞ்சள் பொன்னாடையைப் போர்த்தினார்கள். கேடயத்தைத் தந்தார்கள். உறையையும் தந்தார்கள். அவன் மேடையிலேயே, புகைப்படத்துக்கு நிற்கும்போதே, விரலால் உறையின் வாயை விலக்கி உள்ளே பார்த்தான். நான் எழுதிய பாராட்டுப் பத்திரம் இருந்தது. எதுகை மோனையோடு பதினாறு வரிகள்.

"தம்பி ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். இது நிகழ்ச்சி நிரலில் இல்லாதது. நௌஷாத் ஒலிபெருக்கியைப் பிடித்தான். பொன்னாடை தோளிலிருந்து நழுவியது, இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எல்லாருக்கும் நன்றிங்க... ஹாஜியாருக்கும் சாருக்கும்... நான் வந்து, வேணாம்னு சொல்லலீங்க. அந்த லெட்டரு மட்டும் எனக்கு..."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். தன்னடக்கம் என்று எண்ணினார்கள். தியாகேசன் என்னைப் பார்த்தார். நன்றியுரை என்னுடையது. நான் எழுந்து போய், அவன் கைமேல் என் கையை வைத்து, ஒலிபெருக்கியை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"தம்பி உணர்ச்சிப் பெருக்கில் இருக்கிறார், அவருக்குப் பேச்சு வரவில்லை" என்று தொடங்கி, மண்டபம் தந்தவர், ஒலி அமைத்தவர், தேநீர் வழங்கியவர் என ஒருவரும் விடுபடாமல் பத்து நிமிடங்கள் நன்றி கூறினேன். அவ்வளவு நேரமும் அவன் எனக்கு ஓரடி தொலைவில் வாயைச் சிறிது திறந்தபடியே நின்றான். நான் முடித்தவுடன் நாட்டுப்பண் ஒலித்தது. அனைவரும் எழுந்து அசையாது நின்றோம். அவனும் நின்றான். பெண்கள் பகுதியில் ஓர் இருக்கை மட்டும் வெறுமையாக இருந்தது. சைத்தூன் பீவி பாட்டு முடியக் காத்திராமல் வெளியேறிவிட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. விழாச் செய்தியைத் தளத்தில் உடனே ஏற்ற வேண்டும், நியூஜெர்சியில் ராஜராஜன் காத்திருக்கிறான், டெல்லிக்காரர்களும் பார்ப்பார்கள் என்று தியாகேசன் விடியற்காலையிலேயே அழைத்துச் சொல்லிவிட்டார். நௌஷாத் வரமாட்டான் என்றே நான் நினைத்தேன். பத்து மணிக்கு வந்தான். ஒரு வேலை என்றால் வந்துவிடும் வழக்கம் அவனைவிட்டு ஒரு நாளில் நீங்கவில்லை. கடிதத்தைக் கேட்க இன்னும் பத்து நாள் இருக்கிறது என்ற நம்பிக்கையும் இருந்திருக்கலாம்.

செய்தியை நான் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவன் தட்டச்சுச் செய்ய, அருகிலிருந்து பிழை பார்த்தேன். 'ஷார்ஜாவில் தமக்குக் கிடைத்த பணியை மறுத்து, பிறந்த மண்ணுக்குத் தொண்டாற்ற முன்வந்த நௌஷாத்' என்ற வரி வந்ததும் அவன் விரல்கள் நின்றன.

"ஐயா, இந்த ஒரு வரி வேணாமே."

"ஏம்பா?"

"அப்துல் ரஹ்மான் பாய் நம்ம சைட்டை அடிக்கடி பாப்பாருங்க. பாத்துத்தான் என்னைக் கேட்டாரு. அவரு தமிழ் படிக்கிறவருங்க."

அவன் குரலில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. ஒரு படத்தின் அளவைக் குறைக்கலாமா என்று கேட்பதைப்போலவே கேட்டான். அந்த ஒரு வரியை நீக்க எனக்கு அரை நொடி போதும். தியாகேசன் அதைக் கவனித்திருக்கவும் மாட்டார்.

"மேடையில செயலாளர் பேசினதை மாத்த நமக்கு உரிமை இல்லப்பா" என்றேன்.

அவன் தட்டச்சுச் செய்தான். மேலே பொன்னாடையோடு அவன் நிற்கும் படத்தையும் வைத்தான். படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி கூடுதலாக இருப்பதாக அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். அதைச் சரிசெய்து, பிறகு பக்கத்தை ஏற்றினான்.

வியாழக்கிழமையன்று அகிலாண்டம் மன்றத்துக்கு வந்து, கோப்பைத் தாமே எடுத்து, கடிதத்தை உருவித் தியாகேசன் முன்னால் போட்டார். "இப்ப போடறீங்களா, இல்ல இணைச் செயலாளர்னு நான் போடட்டுமா?"

தியாகேசன் சிரித்தார். பேனாவை எடுத்துப் பெரிதாகக் கையொப்பமிட்டார். முத்திரையை மையில் நன்றாகத் தோய்த்து அழுத்தினார்.

"இந்தாம்மா. நான் எப்ப மாட்டேன்னேன்? பிள்ளை ஊர்ப்பட்ட ஜனத்துக்கு முன்னாடி போகமாட்டேன்னு சொன்னதா ஆயிடுச்சு. இனிமே பத்திரமா வெச்சுக்கட்டும், பிரேம் போட்டு மாட்டிக்கட்டும்."

அகிலாண்டம் கடிதத்தை நௌஷாதின் கையில் கொடுத்தார். அவன் அதை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, மடியாமல், மறுநாள் முதல் பேருந்திலேயே திருச்சிக்குக் கொண்டுபோனான். அதனால் அன்றைய ஜும்ஆவில் ஹாஜியார் அவனைப் பற்றிப் பேசியதை அவன் கேட்கவில்லை. கெடுவுக்கு இன்னும் ஆறு நாட்கள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வழக்கம்போல மன்றத்தின் கதவைத் திறந்துகொண்டு வந்தான். அறையில் நான் மட்டும் இருந்தேன். அவன் கணினியின் மேலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தான்.

"என்னப்பா, திருச்சி போனியே?"

"போனேங்க. ஏஜெண்ட் என் முன்னாலதான் ஷார்ஜாவுக்கு போன் போட்டாரு. ஸ்பீக்கர்ல."

"என்ன சொன்னாங்க?"

"அப்துல் ரஹ்மான் பாயே பேசினாருங்க. 'தம்பி, உங்க சைட்டுல பாத்தேன், வேணாம்னு சொல்லிட்டீங்கன்னு போட்டிருந்துச்சு, செவ்வாய்க்கிழமையே வேற ஆளை எடுத்துட்டேன்'னாரு. நான் லெட்டரு இருக்குன்னு சொன்னேன். 'லெட்டரை வெச்சு என்ன தம்பி, நீங்களே போட்ட பக்கம்தானே'ன்னு கேட்டாரு."

அவன் கணினியை இயக்கிவிட்டு, திரை ஒளிரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோவமாப் பேசலீங்க. நல்லவருதான். அந்தப் பக்கத்தோட டிசைன் ரொம்பச் சுத்தமா இருக்குன்னு சொன்னாரு."

மேசையின்மேல் இரத்ததான முகாமுக்கான வாசகம் இருந்தது. தியாகேசன் முதல்நாளே கொடுத்தனுப்பியிருந்தார். அதை அவன் கைக்கு எட்டும் இடத்தில் நகர்த்தி வைத்தேன். நௌஷாத் எடுத்து ஒருமுறை படித்தான்.

"என்ன சைஸுங்க ஐயா?" என்றான்.